போர்ச்சுகலில் எந்த ஊரில் வீடு பிடிப்பது: லிஸ்பனா, போர்ட்டோவா, பிராகாவா?

பெயர்ச்சி2:

எல்லோருக்கும் வணக்கம். தொலைதூர வேலைக்கான டி8 விசாவில் போர்ச்சுகல் போக ஏற்பாடு நடக்கிறது. பெரியவர்கள் இருவர், 7 வயதுப் பையன் ஒருவன். வேலை சென்னை நிறுவனத்துக்கு, வீட்டிலிருந்தே. வாடகைக்கு மாதம் 1,100 யூரோ ஒதுக்கியிருக்கிறோம், இழுத்துப் பிடித்தால் 1,200. கார் வாங்குவதாக இல்லை. பையனை அரசுப் பள்ளியில் சேர்க்கத்தான் எண்ணம்.

கேள்விகள்:

1. லிஸ்பன், வடக்கே போர்ட்டோ, பிராகா, தெற்கே அல்கார்வ் கடற்கரை, இந்த நான்கில் எது பொருந்தும்?

2. உள்நாட்டுக் கிராமங்களில் பாதி வாடகைக்குத் தோட்டத்தோடு வீடு கிடைக்கிறது. அதில் இறங்கலாமா?

3. விசாவுக்கு வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். கண்ணால் பார்க்காத வீட்டுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?

எங்கே தேடினாலும் “ஆண்டுக்கு 300 நாள் வெயில்” என்றுதான் வருகிறது. மிச்சம் 65 நாளில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மினோமழை:

ஊரை அப்புறம் பேசலாம், முதலில் குளிர். அந்த நாட்டில் குளிர் தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. ஜனவரிப் பகலில் லிஸ்பன் தெருவில் 15 டிகிரி இருக்கும்போது, வடக்கு பார்த்த பழைய அடுக்குமாடி வீட்டுக்குள் 13, 14 காட்டும். கட்டடங்களுக்கு வெப்பக் காப்பு விதி என்று ஒன்று அங்கே முதலில் வந்ததே 1990-ல்தான். 2006-ல் அதை இறுக்கினார்கள். அதற்கு முன் கட்டியவை பெரும்பாலும் காப்பில்லாத சுவரும் ஒற்றைக் கண்ணாடி சன்னலும்தான். வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு அபூர்வம். ஆகவே விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டியது கட்டிய ஆண்டு. அடுத்து எரிசக்திச் சான்றிதழ். ஏ+ முதல் எஃப் வரை எழுத்து போட்டிருப்பார்கள், விளம்பரத்தில் அது இருந்தே ஆக வேண்டும். பி அல்லது சி கிடைத்தால் நல்லது. ஈ, எஃப் என்றால் வாடகையில் மிச்சம் பிடித்தது மின்கட்டணத்தில் போய்விடும்.

இனி மழை. பிராகாவில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. சென்னைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் வந்து எல்லாவற்றையும் உலர்த்திவிடும். பிராகாவில் அதே தண்ணீர் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும், பத்து டிகிரிக் குளிரில், தூறலும் மழையுமாக இறங்கும். ஊர்க்காரர்களே தங்கள் ஊரை ‘வானத்தின் மூத்திரச் சட்டி’ என்று கேலி செய்வார்கள். போர்ட்டோ அதைவிடக் கொஞ்சம் குறைவு. லிஸ்பனில் 750 மி.மீ. அளவு, அல்கார்வில் ஃபாரு பக்கம் 500 சொச்சம்.

மழைக்குப் பயந்து வடக்கே போகாதீர்கள் என்று சொல்லவரவில்லை. வீட்டின் திசையைப் பாருங்கள் என்கிறேன். நம்மூரில் தெற்கு வாசல் என்றால் தயங்குவார்கள். அங்கே தெற்குச் சன்னலுக்குத்தான் கிராக்கி. விளம்பரத்தில் ‘சுல்’ என்றால் தெற்கு, ‘நசென்த்’ கிழக்கு, ‘பொயென்த்’ மேற்கு. டிசம்பர் 21 நண்பகலில் லிஸ்பனில் சூரியன் 28 டிகிரி உயரம்தான் ஏறும், பிராகாவில் 25. சென்னையில் அன்றைக்கு 53. இதன் பொருள் என்ன? எதிர்க் கட்டடம் 12 மீட்டர், அதாவது நாலு தளம் என்று வையுங்கள். அதன் நிழல் லிஸ்பனில் 22 மீட்டருக்கு நீளும். தெரு 10 மீட்டர் அகலம் என்றால் எதிர்ச்சுவரில் ஆறரை மீட்டர் உயரம் வரை வெயிலே படாது. தரைத்தளம், முதல் மாடி இரண்டும் டிசம்பர் முழுக்க நிழலில். இரண்டாம் மாடிச் சன்னலுக்கு நண்பகலை ஒட்டிக் கிடைக்கும். மூன்றாம் மாடிக்குத்தான் முழு வெயில். கூகுள் வரைபடத்தில் தெருவின் அகலத்தை அளந்து, எதிர்க் கட்டடத்தின் தளங்களை எண்ணி, வீட்டில் இருந்தபடியே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

பூஞ்சைதான் அடுத்த தலைவலி. வீடியோவில் வீடு காட்டும்போது கூடத்தைப் பார்த்து மயங்காமல் நாலு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்: படுக்கையறை அலமாரிக்குப் பின்சுவர், வெளிச்சுவரும் கூரையும் சேரும் மூலை, சன்னல் சுருள்கதவுப் பெட்டியின் அடிப்பக்கம், குளியலறை சிலிக்கான் விளிம்பு. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால் அதன் கீழே என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுவது நியாயம். குடிபோனபின் நாளுக்கு 16–20 லிட்டர் இழுக்கும் ஈரநீக்கி ஒன்று வாங்கிவிடுங்கள், கம்ப்ரஸர் வகை. 250 வாட் போலத்தான் இழுக்கும். ஈரமானியில் 50–60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் 5–10 செ.மீ. தள்ளிப் போடுங்கள். பூஞ்சைக்கு மருந்தடிப்பதைவிட அந்த இடைவெளி அதிகம் உதவும்.

இத்தனையும் சொல்லிவிட்டு என் பரிந்துரை: பிராகா. உங்கள் பணத்துக்கு அங்கே 2000-க்குப் பின் கட்டிய, லிஃப்ட் உள்ள, இரட்டைக் கண்ணாடி போட்ட இரண்டு படுக்கையறை வீடு கிடைக்கும். லிஸ்பனில் அதே பணத்துக்கு 1970-களின் சுவர்தான் கிடைக்கும்.

டேகஸ்கரை:

குளிர்க் கணக்கில் மினோமழையோடு சண்டை இல்லை. பிராகா என்பதில்தான் சண்டை. ஆறு மாதம் ஈரம், வீட்டிலிருந்தே வேலை, ஓடியாடும் வயதில் ஒரு பையன். எல்லாரும் நாள் முழுக்க நாலு சுவருக்குள்.

முதலில் சொற்கள். டி0 என்றால் ஒரே அறை. டி1, டி2 என்பதில் எண் படுக்கையறைகளைக் குறிக்கும், கூடம் கணக்கில் வராது. உங்களுக்கு டி2 தேவை. லிஸ்பன் நகருக்குள் உருப்படியான டி2 1,300–1,500-க்குக் கீழே அகப்படுவது அரிது. அகப்பட்டாலும் லிஃப்ட் இல்லாத நாலாம் மாடியாகவோ வெளிச்சமே வராத தரைத்தளமாகவோ இருக்கும். அல்ஃபாமா, மௌராரியா போன்ற பழைய பேட்டைகள் படத்தில் அழகு. மளிகைப் பையோடு மழையில் அந்த வழுவழுப்பான கல்பாவிய ஏற்றத்தில் ஏறிப் பார்த்தால் தெரியும். அல்வலாடே, கம்போ கிராந்த் பக்கம் நல்ல குடியிருப்புகள் உண்டு. ஆனால் விமானங்கள் தலைக்கு நேர் மேலே இறங்குகின்றன. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. டேகஸ் ஆற்றுக்கு அப்பால் அல்கோசெத்தில் புதியது கட்டுவதாக 2024-ல் முடிவெடுத்தார்கள், அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே லிஸ்பன் என்றால் லிஸ்பனைச் சுற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருநகரப் பகுதி முழுக்க மெட்ரோ, பேருந்து, புறநகர் ரயில், ஆற்றுப் படகு எல்லாவற்றுக்கும் ஒரே நவெகந்த் பாஸ், மாதம் 40 யூரோ. கார் இல்லாத குடும்பத்துக்கு இதைவிட லாபம் இல்லை. வடகரையில் ஒடிவெலாஷ் (மஞ்சள் மெட்ரோ), அமடோரா (நீல மெட்ரோவும் சிந்த்ரா ரயிலும்). தென்கரையில் அல்மாடா: கசில்யாஷ் துறையிலிருந்து பத்து நிமிடப் படகில் லிஸ்பன். பரெய்ரு: இருபது நிமிடப் படகு, வாடகை இன்னும் குறைவு. பட்ஜெட்டுக்கும் வெயிலுக்கும் நடுவே ஒன்றைச் சொல் என்றால் செத்தூபல் என்பேன். ரயிலில் ஒரு மணி நேரத்தில் லிஸ்பன். தனக்கென்று சந்தை, மருத்துவமனை, துறைமுகம் எல்லாம் உள்ள தனி ஊர் அது, லிஸ்பனுக்குத் தூங்கப்போகும் புறநகர் இல்லை. அர்ராபிதா மலை பக்கத்திலேயே. மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் வேறு பேச்சே வேண்டாம்.

அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்கு லிஸ்பனில் மார்த்திம் மொனிஸ் சுற்றியுள்ள வங்காளதேசக் கடைகள் போதும். மாதம் ஒருமுறை போய்த் தூக்கி வரலாம்.

லிஸ்பன் வட்டாரத்தின் பெரிய குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தாலும் குடும்ப மருத்துவர் ஒதுக்குவதில் லிஸ்பனும் டேகஸ் பள்ளத்தாக்கும் மோசம், அல்கார்வும் அப்படியே. வடக்கில் நிலைமை எவ்வளவோ மேல். கைக்குழந்தையோ தொடர் மருந்தோ உள்ள குடும்பம் என்றால் நானே பிராகாவைச் சொல்லியிருப்பேன்.

பள்ளிக்கு: சேர்க்கை முகவரியை வைத்துத்தான். விரும்பிய பள்ளியைத் தேர்ந்துகொண்டு, அதன் எல்லைக்குள் வீடு தேடுங்கள். வீடு பிடித்தபின் பள்ளி தேடினால் இடம் நிரம்பியிருக்கும். மொழி தெரியாத பிள்ளைகளுக்குப் போர்ச்சுகீசியத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரும் ஏற்பாடு அரசுப் பள்ளிகளில் உண்டு. எல்லாப் பள்ளியிலும் ஒரே தரத்தில் நடக்காது. வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளியில் நன்றாக நடக்கும். அந்த வகையில் அமடோரா, ஒடிவெலாஷ் பள்ளிகளுக்குப் பழக்கம் அதிகம்.

மினோமழை:

@டேகஸ்கரை, இவர்களுக்கு வேலை வீட்டில். தினமும் லிஸ்பன் போகாதவருக்குப் படகு நேரம் எதற்கு? பிராகாவில் பள்ளி, சந்தை, மருத்துவர் எல்லாம் நடை தூரம். போர்ட்டோவுக்கு நேர் ரயில், ஒரு மணி நேரம்.

இன்னொன்று. இந்தியாவுக்கும் அங்கேயும் கோடையில் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. சென்னையில் காலை 10 மணிக் கூட்டம் என்றால் ஜனவரியில் அங்கே விடிகாலை நாலரை. இரவு 11 முதல் காலை 7 வரை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவான சத்தம் போடக்கூடாது என்பது சட்டம். பழைய கட்டடங்களில் சுவரும் தளமும் மெலிசு, நாலரை மணிப் பேச்சு கீழ்வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். வேலை அறை பக்கத்து வீட்டின் படுக்கையறைச் சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். இதற்கும் புதிய கட்டடம்தான் நல்லது.

ஒப்பந்தம்முக்கியம்:

இரண்டு பேரும் ஊருக்காக மல்லுக்கட்டுகிறார்கள். என் பார்வையில் இந்தக் குடும்பத்துக்கு ஊரை முடிவுசெய்யப்போவது ஒரே கேள்வி: எந்த ஊரில் உரிமையாளர் ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிவுசெய்யச் சம்மதிக்கிறார்?

பதிவில்லாத ஒப்பந்தம் வெறும் காகிதம். விசா, குடியிருப்பு அட்டைக்காக ‘ஐமா’ எனும் குடியேற்றத் துறை அலுவலகத்தில் ஆஜராவது, பள்ளி, சுகாதார நிலையம், முகவரிச் சான்று, எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கின்றன. பதிவுசெய்தால் உரிமையாளர் ஒரு மாத வாடகையில் 10 சதவீதம் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், வாடகை வருமானம் வரிக் கணக்கிலும் ஏறிவிடும். அதனால்தான் “ரொக்கமாகத் தந்தால் 100 யூரோ குறைக்கிறேன்” என்ற பேச்சு வருகிறது. அந்த 100 யூரோவை வாங்கிக்கொண்டால் ஆறு மாதம் கழித்து ஐமாவில் காட்ட ஒன்றும் இருக்காது. பதிவானதற்கு அடையாளம், மாதாமாதம் வரித்துறைத் தளத்தில் உங்கள் வரி எண்ணுக்கு வரும் மின்னணு வாடகை ரசீது. அந்த 9 இலக்க வரி எண்ணுக்கு ‘நிஃப்’ என்று பெயர். வீடு தேடும் முன்பே அதை வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் ஒப்பந்தமே எழுத முடியாது.

ஒப்பந்தத்தில் இரண்டு இனம். ‘நிரந்தரக் குடியிருப்பு’ என்று எழுதினால் குறைந்தது ஓராண்டு. காலம் முடிந்தால் தானாகப் புதுப்பிக்கும். தனக்கோ பிள்ளைக்கோ வீடு தேவை என்ற காரணம் இல்லாவிட்டால், உரிமையாளர் முதல் முறை புதுப்பிக்க மறுப்பது மூன்றாண்டு முடிந்தபிறகே செல்லும். மற்றது ‘தற்காலிகத் தேவை’ ஒப்பந்தம். ஓராண்டுக்குக் குறைவாக எழுதலாம், காரணம் குறிப்பிட வேண்டும், இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது.

அல்கார்வ் உங்களுக்கு ஒத்துவராது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கே செப்டம்பர், அக்டோபரில் மலிவாக வீடு கிடைக்கும், மே மாதத்தோடு காலிசெய்யச் சொல்வார்கள். ஜூன் முதல் அதே வீடு சுற்றுலாப் பயணிகளுக்கு வாரக்கணக்கில் போகும். பையனுக்குப் பள்ளியாண்டு முடிவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

முன்பணம்: சட்டப்படி முன்கூட்டிக் கேட்கும் வாடகை அதிகபட்சம் இரண்டு மாதம், ‘கவுசாவ்’ எனும் பிணைத்தொகை அதிகபட்சம் இரண்டு மாதம். ஆக 1,100 வாடகைக்கு 4,400 வரை கையில் வேண்டும். உள்ளூர்ப் பிணையாளர் இல்லாத வெளிநாட்டவரிடம் ஆறு மாதம், ஓராண்டு என்று முன்பணம் கேட்பது நடைமுறையில் உண்டு, சட்டத்தில் இல்லை. கேட்டால் வேலை ஒப்பந்தம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு மூன்றையும் காட்டிப் பேசுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டிய நிலை வந்தால், வெளியேறும் வழியைத் தெரிந்துகொண்டு போடுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நாலு மாதம் கழிந்தபின் எப்போது வேண்டுமானாலும் 120 நாள் முன்னறிவிப்புத் தந்து விலகலாம். நாலும் நாலும் எட்டு. ஆக, பிடிக்காத வீட்டில் மாட்டினாலும் உங்கள் பொறுப்பு எட்டு மாத வாடகையோடு நின்றுவிடும். முன்னறிவிப்பைப் பதிவு அஞ்சலில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டையோடு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் செய்தி இதற்குச் செல்லாது. நாள் குறைந்தால் குறைந்த நாட்களுக்கான வாடகையைக் கேட்பார்கள்.

பணம் அனுப்பும் முன் இரண்டு தாள் கேளுங்கள்: சொத்தின் வரிப் பதிவேடு, நிலப் பதிவகத்தின் நிலைச் சான்றிதழ். பின்னதை உரிமையாளர் தரும் குறியீட்டு எண்ணை வைத்து இணையத்தில் நீங்களே திறந்து பார்க்கலாம். அதில் உள்ள பெயர், அடையாள அட்டைப் பெயர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். தரகர் என்றால் ‘அமி’ உரிம எண் இருக்க வேண்டும். “வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் கட்டினால் சாவியை அஞ்சலில் அனுப்புகிறேன்” என்பவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

கிராம வீடு பற்றி யாரும் சொல்லவில்லை: கார் இல்லாமல் நடக்காது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கார் இருந்தாலும் மத்திய உள்நாட்டில் தைலமரக் காடும் பைன் காடும் வீட்டு வாசல் வரை வரும். 2017 ஜூனில் காட்டுத்தீயில் பெத்ரோகாவ் கிராந்த் எரிந்தது அந்தப் பகுதியில்தான். வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் புதர் வெட்டி வைப்பது கட்டாயம், பொதுவாக ஏப்ரல் 30-க்குள். பொறுப்பு அந்த நிலத்தை வைத்திருப்பவருக்கு, வாடகைக்கு எடுத்தவரும் அதில் அடக்கம்.

பெயர்ச்சி2:

மூவருக்கும் நன்றி. இப்போதைக்கு மனம் செத்தூபல் பக்கம் சாய்கிறது. அங்கே ஒரு விளம்பரம் பார்த்தேன். விவரம் இதுதான்:

டி2+1. தரைத்தளம். மொத்தப் பரப்பு 82 ச.மீ. கட்டியது 1978. சான்றிதழ் ஈ. சிலிண்டர் எரிவாயு. மின் இணைப்பு 3.45 கேவிஏ. புதிதாக வண்ணம் பூசியது. வாடகை 950, அக்டோபர் முதல் மே வரை, “பிறகு பேசிக்கொள்ளலாம்”. இரண்டு மாதப் பிணைத்தொகை, ஒரு மாத முன்பணம்.

விலை நன்றாக இருக்கிறதே என்று பார்த்தேன். என்ன நினைக்கிறீர்கள்?

ஒப்பந்தம்முக்கியம்:

அக்டோபர் முதல் மே வரை எட்டு மாதம். மேலே சொன்ன தற்காலிக இனம். விசாவுக்கு ஓராண்டு ஒப்பந்தம் கேட்கும் இடத்தில் இது நிற்காது. “பிறகு பேசிக்கொள்ளலாம்” என்றால் ஜூனில் கடற்கரைக்கு வருபவர்களுக்கு விடப்போகிறார் என்று பொருள். செத்தூபலும் கடற்கரை ஊர்தான், மறந்துவிடாதீர்கள். பிணைத்தொகை, முன்பணம் மட்டும் நியாயமாக இருக்கிறது.

மினோமழை:

1978, ஈ, தரைத்தளம், புது வண்ணம். நாலும் ஒரே விளம்பரத்தில். டிசம்பரில் வெயில் இல்லை, சுவரில் காப்பு இல்லை, தரையிலிருந்து ஈரம் ஏறும், பூச்சுக்குக் கீழே பழைய பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம்.

‘+1’ என்பதில் ஏமாறாதீர்கள். பல வீடுகளில் அது சன்னலே இல்லாத உள்ளறை. பொருள் போட்டு வைக்கலாம், எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. 82 என்பதும் சுவர்களின் தடிமனெல்லாம் சேர்த்த மொத்தப் பரப்பு. புழங்கும் இடம் 65, 70 வந்தால் அதிகம். எப்போதும் ‘ஊட்டில்’ பரப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

டேகஸ்கரை:

மின் இணைப்பை யாரும் தொடவில்லை. 3.45 கேவிஏ என்றால் 230 வோல்ட்டில் 15 ஆம்பியர். அறைச் சூடேற்றி 1,500 வாட், கெட்டில் 2,000 வாட். இரண்டும் சேர்ந்தாலே 3,500, எல்லை தாண்டிவிட்டது. தொடர்ந்தால் வீடு இருட்டாகும், கூட்டத்தின் நடுவே இணையமும் போகும். குடும்பத்துக்கு 6.9 கேவிஏ, அதாவது 30 ஆம்பியர் வேண்டும். மின் வழங்கும் நிறுவனத்திடம் சொன்னால் கூட்டித் தருவார்கள், ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் ஆள் வரவும் தேவையில்லை, நாள் கட்டணம் மட்டும் கொஞ்சம் ஏறும். ஆனால் பழைய வயரிங் அந்த அளவுக்குச் சான்று பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் மின்பணியாளரை வைத்துப் புதிதாகச் சான்று வாங்க வேண்டும், அது உரிமையாளர் கையில்.

சிலிண்டர் என்பது தனிச் செலவு. வெந்நீருக்கான எரிவாயுக் கொதிகலனும் அடுப்பும் 13 கிலோ சிலிண்டரில்தான் ஓடும். குழாய் எரிவாயுவைவிட விலை அதிகம், குளிக்கும் நடுவில் தீரும். குழாய் எரிவாயு உள்ள கட்டடங்கள் செத்தூபலில் நிறைய உண்டு, விளம்பரத்தில் ‘காஷ் நத்துரால்’ என்றிருக்கும்.

இதை விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், 1995-க்குப் பிந்தைய கட்டடத்தில், இரண்டாம் மாடி முதல் நாலாம் மாடிக்குள் தேடுங்கள். 1,050, 1,100 சொல்வார்கள். உங்கள் கணக்குக்குள்தான் வருகிறது. ஒப்பந்தம் போடும் முன் அந்தக் கதவு எண்ணைக் கொடுத்து ஃபைபர் இணைப்பு இருக்கிறதா என்று இணைய நிறுவனங்களின் தளத்தில் பார்த்துவிடுங்கள். தெருவில் இருக்கும், கட்டடத்துக்குள் ஏறியிருக்காது. 24 மாதக் கட்டுப்பாடு இல்லாத திட்டமாகக் கேளுங்கள், வீடு மாறினால் தலைவலி இல்லை.

பெயர்ச்சி2:

இதை விட்டுவிட்டோம். உரிமையாளர்களுக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே ஒப்பந்தப் பதிவு, திசை, மின் அளவு, ஊட்டில் பரப்பு நான்கையும் கேட்கப்போகிறேன். கடைசியாக ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீர்கள். டேபிள் டாப் கிரைண்டர் எடுத்துப் போகலாமா?

மினோமழை:

தாராளமாக. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மோட்டார் அப்படியே ஓடும். நம்மூர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. சந்தையில் விற்கும் பொது அடாப்டர்களில் பலவற்றுக்கு எர்த் தொடர்பு இருக்காது, தண்ணீர் புழங்கும் கிரைண்டருக்கு அது ஆபத்து. வயரின் நுனியை வெட்டி, எர்த் உள்ள ஐரோப்பிய பிளக் ஒன்றை மாட்டிவிடுங்கள், சில யூரோ ஆகும். குளிர்காலத்தில் மாவு வெளியே வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. மின் ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். காலை 7 மணிக்கு முன் மட்டும் கிரைண்டரை ஓட்ட வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே உங்கள் நாலரை மணிக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.